ஃபெக்-பி கிடா சேர்ப்பது: பிபி வாங்குவதா, பி+ வாங்குவதா? பிஎம்பி15 கிடாவையும் கூட விடலாமா?

கேள்வி: தொழுவம்

60 பெட்டை உள்ள செம்மறி மந்தை. அநேகமாக எல்லாமே ஈற்றுக்கு ஒரு குட்டிதான். இரட்டைக் குட்டி வருவதற்காக ஃபெக்-பி என்ற மரபணுத் திரிபு (மாற்றம்) உள்ள கிடா ஒன்றைச் சேர்க்கும் யோசனை. விலைக்கு வந்திருப்பவை மூன்று. ஒன்றின் ஆய்வக அறிக்கையில் "பிபி" (திரிபு இரண்டு நகல்), இரண்டாவதில் "பி+" (ஒரு நகல்) என்று இருக்கிறது. மூன்றாவது வேறு இனம். அதில் பிஎம்பி15 மரபணுவின் இன்வர்டேல் திரிபு இருப்பதாகச் சொல்கிறார்கள்.

1. பிபி, பி+ இரண்டில் எது? விலை வித்தியாசத்துக்கு ஏற்ற பலன் உண்டா?
2. பிறக்கும் பெட்டைக் குட்டிகளை அடுத்து எந்தக் கிடாவுக்கு விடுவது? பிபி பெட்டைகள் உருவானால் இன்னும் நல்லதுதானே?
3. அறிக்கையை எந்த அளவு நம்பலாம்? குட்டிகளைச் சோதிக்க எந்த மாதிரி அனுப்ப வேண்டும்?
4. இன்வர்டேல் கிடாவையும் சேர்த்து விட்டால் பலன் இரட்டிப்பாகுமா?

பதில் 1: இனவிருத்தி

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மந்தையையே கெடுக்கக்கூடியது அதுதான். ஃபெக்-பியும் பிஎம்பி15-உம் "குட்டி அதிகம் தரும் மரபணு" என்று ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஆனால் இரண்டும் தலைமுறைக்குக் கடத்தப்படும் விதமே வேறு.

ஃபெக்-பி என்பது பிஎம்பிஆர்1பி மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். 746-ஆம் இடத்தில் ஏ-க்குப் பதில் ஜி வருகிறது. அதனால் புரதத்தின் 249-ஆம் இடத்தில் குளூட்டமினுக்குப் பதில் ஆர்ஜினைன் அமர்கிறது. இது 6-ஆம் குரோமோசோமில் இருப்பதால் கிடா, பெட்டை இரண்டும் தலா இரண்டு நகல் வைத்திருக்கலாம். ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோவில் முதலில் கவனிக்கப்பட்டு, 2001-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இந்த எழுத்து மாற்றத்தைக் கண்டுபிடித்தன. சுந்தரவனப் பகுதியின் கரோல் ஆடுகளில் இருப்பதும் இதே மாற்றம்தான். சீனாவின் ஹூ இனத்தில் ஏறக்குறைய எல்லா ஆடுகளுமே பிபி.

முட்டை எண்ணிக்கையில் இதன் விளைவு நகலுக்கு நகல் கூடும். பூரூலா மெரினோவில் ஒரு பருவத்துக்கு 1–2 முட்டை விட்டால் ++ (திரிபு இல்லாதது), 3–4 என்றால் பி+, 5 அல்லது அதற்கு மேல் என்றால் பிபி என்று, டிஎன்ஏ சோதனை வரும் முன்பு லேப்ராஸ்கோப் (வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் கருவி) வழியாகச் சினைப்பையைப் பார்த்தே பிரித்தார்கள். குட்டி எண்ணிக்கை அப்படிக் கூடுவதில்லை. முதல் நகல் சுமார் ஒரு குட்டியைக் கூட்டும். இரண்டாவது நகல் அதற்கு மேல் அரைக் குட்டியளவுதான் சேர்க்கும். மிச்ச முட்டைகள் கருத்தரிக்காமலோ கரு நிலையிலோ போய்விடுகின்றன. சிறிய உடம்புள்ள இனங்களில் முதல் நகலின் பலனே இதைவிடக் குறைவு; பெரும்பாலும் இரட்டைக் குட்டியோடு நின்றுவிடும். இறைச்சிக்காக வளர்ப்பவருக்கு அது நல்ல செய்தி.

ஆகவே இரண்டாம் கேள்விக்குப் பதில்: பிபி பெட்டைகள் வேண்டாம். உங்களுக்குத் தேவை பிபி கிடா, பி+ பெட்டை.

பிபி கிடாவை ++ பெட்டைகளுக்கு விட்டால் பிறப்பவை அத்தனையும் பி+. குட்டிகளைச் சோதிக்கவே வேண்டாம், தகப்பன் அந்தக் கிடாதான் என்பது உறுதியாக இருக்கும் வரை. பி+ கிடா என்றால் பாதிக் குட்டிகளில்தான் திரிபு இருக்கும். 60 ஈற்றில் 30 பெட்டைக் குட்டி என்று வைத்தால் சுமார் 15 பி+. எந்தப் 15 என்று அறிய 30-ஐயும் சோதிக்க வேண்டும். விலை வித்தியாசத்தை அந்த 30 சோதனைக் கட்டணத்தோடும், கழிக்கப்படும் 15 குட்டிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பிபி மலிவாகவே முடியும்.

இனி அடுத்த தலைமுறை. பி+ மகள்களை அதே பிபி கிடாவுக்கு விடாதீர்கள். தகப்பன்–மகள் சேர்க்கை என்பது ஒரு காரணம். பிறப்பவற்றில் பாதி பிபி ஆகிவிடும் என்பது இன்னொன்று. மந்தையை இரண்டாகப் பிரிப்பதே சுலபம். ஒரு பங்கு ++ பெட்டைகளாகவே இருக்கட்டும். அவற்றுக்குப் பிபி கிடா. அதில் பிறக்கும் பி+ பெட்டைகள் இரண்டாம் பங்கு. அவற்றுக்கு நல்ல வளர்ச்சியுள்ள ++ இறைச்சிக் கிடா. குட்டிகள் எல்லாம் விற்பனைக்கு. ++ பங்கு தேய்ந்து போகாமல் இருக்க, அதில் சிலவற்றை மட்டும் ++ கிடாவுக்கு விட்டு மாற்றுப் பெட்டைகளை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்வர்டேல் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பதில் 2: மரபுக்கூடம்

சோதனை பற்றி. பரவலாக நடப்பது பிசிஆர் செய்து (டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பெருக்கி) ஏவிஏ2 என்சைமால் வெட்டி, துண்டுகளை ஜெல்லில் நீளவாரியாகப் பிரித்துப் பார்க்கும் முறை. ஃபெக்-பி மாற்றம் மட்டும் அந்த என்சைமுக்கு வெட்டும் இடத்தைத் தராது. அதனால் ஒரு பிரைமரில் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். திரிபு உள்ள நகலில் மட்டும் ஜிஜிஏசிசி என்ற வெட்டிடம் உருவாகும். பெருக்கப்படும் துண்டு 190 கார இணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு). ++ வெட்டப்படாமல் 190-லேயே நிற்கும். பிபி 160 ஆகவும் 30 ஆகவும் பிரியும். பி+ இல் 190, 160 இரண்டும் தெரியும். 30 பெரும்பாலும் ஜெல்லை விட்டு ஓடிவிடும் அல்லது மங்கிவிடும். அதைத் தேட வேண்டாம்.

தவறு எங்கே வரும்? 190-க்கும் 160-க்கும் இடைவெளி குறைவு. 1.5% அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். 3 முதல் 3.5% வேண்டும், அல்லது பாலிஅக்ரிலமைடு ஜெல். அதைவிட முக்கியமானது அரைகுறை வெட்டு. டிஎன்ஏ அதிகமாகவோ என்சைம் குறைவாகவோ நேரம் போதாமலோ இருந்தால், பிபி ஆட்டின் துண்டுகளில் ஒரு பகுதி வெட்டப்படாமல் தங்கி, ஜெல்லில் அது பி+ போலவே தெரியும். என்சைம் முழுதாகச் செத்துப்போயிருந்தால் அத்தனை ஆடும் ++ ஆகிவிடும். எனவே ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏற்கெனவே உறுதியான ++, பி+, பிபி மாதிரிகளும், டிஎன்ஏ இல்லாத வெற்று மாதிரியும் கூடவே ஓடியிருக்க வேண்டும். அறிக்கை வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "உறுதியான பிபி மாதிரி அதே ஜெல்லில் முழுதாக வெட்டப்பட்டதா?" பதில் வராவிட்டால் இன்னோர் ஆய்வகத்தில் வேறு முறையில், உதாரணமாக டாக்மேன் அல்லது காஸ்ப் முறையில், ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். ஒரு கிடாவின் விலைக்கு முன் அந்தச் செலவு ஒன்றுமில்லை.

மாதிரி எடுப்பதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரே ஈற்றில் பல குட்டிகள் வளரும்போது சில சமயம் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். அப்படிப் பிறந்த குட்டியின் ரத்தத்தில் உடன்பிறப்பின் வெள்ளையணுக்களும் கலந்திருக்கும். அந்த ரத்தத்தைச் சோதித்தால் இரண்டு குட்டிகளின் விடையும் சேர்ந்து வரும். ++ குட்டி பி+ ஆகத் தெரியலாம். இரட்டை, மூன்று குட்டி பிறக்கும் மந்தையில் காதுத் துண்டு அல்லது வேரோடு பிடுங்கிய முடிதான் பாதுகாப்பு. பால் குடிக்கும் குட்டியின் வாய்ப்பஞ்சு மாதிரியும் வேண்டாம். தாய்ப்பாலில் உள்ள தாயின் செல்கள் அதில் ஒட்டியிருக்கும். ரத்தம் மட்டுமே அனுப்ப முடியும் என்றால் இடிடிஏ குழாயில் 2–3 மில்லி. ஹெப்பரின் குழாய் கூடாது. அது பிசிஆர் வேலையைத் தடுக்கும்.

இலவசமான ஒரு சோதனையும் இருக்கிறது. பிபி கிடாவுக்கு ++ குட்டி பிறக்கவே முடியாது. பி+ கிடாவுக்கும் ++ பெட்டைக்கும் பிபி பிறக்க முடியாது. அறிக்கையில் அப்படி ஒன்று வந்தால் காது எண் மாறியிருக்கிறது, வேறு கிடா வேலி தாண்டியிருக்கிறது, அல்லது ஆய்வகம் தவறியிருக்கிறது. மூன்றில் எது என்று தெரியாமல் அடுத்த சேர்க்கைக்குப் போகாதீர்கள்.

தொழுவம்

நன்றி. ஒரு சந்தேகம். சோதனைக்குச் செலவழிக்காமல், இரட்டைக் குட்டி ஈன்ற பெட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா? கிடாவையும் அதன் தாய் எத்தனை குட்டி போட்டது என்று பார்த்து எடுக்கலாமே?

பதில் 3: இனவிருத்தி

போதாது. முதல் ஈற்றில் பி+ பெட்டையும் ஒற்றைக் குட்டி போடும். நன்றாகத் தின்ற ++ பெட்டையும் இரட்டை போடும். ஈற்றுக்கு எத்தனை குட்டி என்ற பண்பின் மரபுவழிப் பங்கு சுமார் 10% தான். ஓர் ஈற்றை வைத்துக் கணிப்பது ஊகமாகவே முடியும். கிடாவில் இன்னும் சிக்கல்: ஃபெக்-பி இருப்பது கிடாவின் உடம்பிலோ நடத்தையிலோ தெரியாது. பி+ தாய்க்குப் பிறந்த கிடாவில் திரிபு இல்லாமலிருக்க பாதி வாய்ப்பு. திரிபு உள்ள மந்தையில் தாயின் ஈற்றை நம்பிக் கிடா எடுத்தால் சில ஆண்டுகளில் திரிபு தேய்ந்து மறையவும் கூடும், ஏன் என்றும் புரியாது.

இப்போது இன்வர்டேல். பிஎம்பி15 மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். நியூசிலாந்தின் ராம்னி ஆடுகளில் 1991-இல் அறிவிக்கப்பட்ட திரிபு இது. 2000-இல் அதன் மரபணு உறுதியானது. ஒரு நகல் உள்ள பெட்டைக்கு ஒரு முட்டையும், ஈற்றுக்கு சுமார் 0.6 குட்டியும் கூடும். இரண்டு நகல் உள்ள பெட்டையின் சினைப்பை வளர்வதே இல்லை. நூல்போல் சுருங்கிக் கிடக்கும். அது மலடு. ஆயுளுக்கும் மலடு.

கிடாவுக்கு ஒரே ஒரு எக்ஸ். இன்வர்டேல் கிடா தன் எல்லா மகள்களுக்கும் அந்த எக்ஸைக் கொடுக்கும். மகன்களுக்குக் கொடுக்கவே கொடுக்காது. எனவே முதல் தலைமுறை மகள்கள் அத்தனையும் ஒரு நகலோடு பிறக்கும், சோதனை தேவையில்லை. பார்க்க மிக அழகாக இருக்கும். சிக்கல் அடுத்த தலைமுறையில். அந்த மகள்களை இன்னோர் இன்வர்டேல் கிடாவுக்கு விட்டால் பிறக்கும் பெட்டைகளில் பாதி மலடு. எனவே இந்த முறையில் பெட்டைகளை எப்போதும் இறைச்சிக் கிடாவுக்கே விட்டு, பெட்டைக் குட்டிகளையும் விற்பனைக்கே அனுப்ப வேண்டும். மாற்றுப் பெட்டைகளை வெளியிலிருந்து அல்லது தனி ++ பட்டியிலிருந்துதான் எடுக்க முடியும். பிறகு யாராவது ஒருவர், "இந்தப் பெட்டை நன்றாக வளர்ந்திருக்கிறதே" என்று ஒன்றைத் தக்கவைத்தால் கணக்கு அங்கேயே உடையும்.

பிஎம்பி15 திரிபுகள் எல்லாமே மலட்டுத்தன்மை தருவன அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹன்னா, கால்வே, பெல்கிளேர், லகோன், ராசா அரகொனேசா ஆகியவற்றின் திரிபுகளில் இரு நகல் பெட்டை மலடு. பிரான்சின் கிரிவெட், போலந்தின் ஓல்குஸ்கா இனங்களின் திரிபுகளில் இரு நகல் பெட்டை மலடாகாமல் இன்னும் அதிகக் குட்டி தருகிறது. வெவ்வேறு பிஎம்பி15 திரிபுகள் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வந்து சேர்ந்தாலும் ஆபத்துதான்: பெல்கிளேர் இனத்தில் கால்வே, பெல்கிளேர் திரிபுகள் இரண்டும் ஒரே பெட்டையில் சேர்ந்தால் மலடு. "பிஎம்பி15 உள்ளது" என்ற வரி மட்டும் உள்ள அறிக்கை அதனால் பயனற்றது. எந்தத் திரிபு என்று எழுதியிருக்க வேண்டும்.

குட்டி எண்ணிக்கையைப் பாதிக்கும் இன்னொரு மரபணுவான ஜிடிஎஃப்9-க்கும் இதே எச்சரிக்கை. கேம்பிரிட்ஜ், பெல்கிளேர் இனங்களில் உள்ள ஃபெக்-ஜிஹெச் திரிபு இரண்டு நகலானால் மலடு; பிரேசிலின் சாண்டா இனெஸ் ஆடுகளில் உள்ள எம்ப்ராப்பா திரிபு இரண்டு நகலிலும் அதிகக் குட்டிதான். ஜிடிஎஃப்9-இன் ஜி1 என்ற மாற்றத்தைச் சில பத்து ஆடுகளில் பார்த்துவிட்டு "குட்டி எண்ணிக்கையோடு தொடர்பு" என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். அடுத்த மந்தையில் அந்தத் தொடர்பு காணாமல் போய்விடும். சோதனைப் பட்டியலில் அது இருப்பதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் 4-ஆம் கேள்விக்கு: ஃபெக்-பியும் இன்வர்டேலும் ஒரே பெட்டையில் சேர்ந்தால் முட்டை எண்ணிக்கை ஒன்றின் மேல் ஒன்று பெருகும். மடியில் காம்பு இரண்டுதான். வேண்டாம்.

பதில் 4: கால்நடை மருத்துவர்

மேலே சொன்னது எல்லாம் முட்டை, குட்டி பற்றி. மந்தைக்காரருக்கு வருமானம் பால் மறந்த குட்டியின் எடையிலிருந்துதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். 100 ++ பெட்டைகள் 105 குட்டி ஈன்று, 90% பிழைத்து, பால் மறக்கும்போது தலா 15 கிலோ என்றால் மொத்தம் சுமார் 1,417 கிலோ. 100 பி+ பெட்டைகள் 160 குட்டி ஈன்று, 80% பிழைத்து, தலா 12.5 கிலோ என்றால் 1,600 கிலோ. பிழைப்பு 65%-க்கு இறங்கினால் 1,300 கிலோ. அதாவது இந்த உதாரணத்தில் 71%-க்குக் கீழே போனால் பழைய ஒற்றைக் குட்டி மந்தையே மேல். உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்த எல்லையைக் கணக்கிட்ட பிறகே கிடா வாங்குங்கள்.

பிழைப்பைத் தீர்மானிப்பது சினையின் கடைசி ஆறு வாரம். சினைக்காலம் 147 முதல் 150 நாள். குட்டியின் பிறப்பு எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்த ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. அதே நேரத்தில் கருப்பை பெருத்து இரைப்பையை நெருக்குவதால் தீவனம் தின்னும் அளவு குறைகிறது. அதனால் வெறும் வைக்கோலும் மேய்ச்சலும் இரட்டைச் சினைக்குப் போதாது.

பி+ பெட்டைகளுக்கு இனச்சேர்க்கைக்கு முன் தீவனத்தைத் திடீரென்று ஏற்றிக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிடுங்கள். ++ பெட்டைகளுக்கு அது முட்டை எண்ணிக்கையைக் கூட்டும் உத்தி. இங்கே அது மூன்றாவது, நான்காவது குட்டியைத்தான் கூட்டும். 5-க்கு 3 என்ற உடல்நிலை மதிப்பில் நிலையாக வைத்திருந்தால் போதும்.

சேர்க்கைக்குப் பிறகு 45 முதல் 90 நாளுக்குள் ஸ்கேன் பார்த்துக் குட்டி எண்ணிக்கையை அறியலாம். 90-ஐத் தாண்டினால் குட்டிகள் ஒன்றை ஒன்று மறைப்பதால் எண்ணுவது தடுமாறும். ஒற்றை, இரட்டை, மூன்று என்று மூன்று பட்டியாகப் பிரியுங்கள். பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு அடர்தீவனம் வைத்தால், ஒற்றைச் சினையில் குட்டி பெருத்து ஈற்று சிக்கும். மூன்று சினையில் தாய் விழும். கடைசி மாதத்தில் இரட்டைச் சினைப் பெட்டையின் ஆற்றல் தேவை வெறும் பெட்டையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மூன்று சினைக்கு அதற்கும் மேல். அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல், வேளைக்கு அரைக் கிலோவைத் தாண்டாமல் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் அமில வயிறு வரும்.

மந்தையை விட்டு ஒதுங்கி நிற்பது, தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகுவது, தலையைச் சுவரில் முட்டி நிற்பது: இவை சினை நச்சு நோயின் அடையாளங்கள். சந்தேகம் வந்த பட்டியில் சில பெட்டைகளின் ரத்தக் கீட்டோனை (உடல் கொழுப்பு கரையும்போது சேரும் பொருள்) கைக்கருவியில் பாருங்கள். லிட்டருக்கு 0.8 மில்லிமோலைத் தாண்டினால் அந்தப் பட்டிக்கே ஆற்றல் போதவில்லை என்று பொருள்; 3-ஐத் தாண்டினால் நோய் வந்துவிட்டது. எழுந்து நடக்கும் நிலையில் இருக்கும்போதே புரப்பிலீன் கிளைக்கால் 60 மில்லி வீதம் காலை, மாலை வாய்வழி கொடுத்து மருத்துவரை அழைத்துவிடுங்கள். படுத்துவிட்ட பிறகு தொடங்கும் சிகிச்சை பெரும்பாலும் பலிப்பதில்லை.

குட்டி பிறந்ததும் எடை போடுங்கள். கிலோவுக்கு 50 மில்லி சீம்பால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள். முதல் 24 மணி நேரத்தில் கிலோவுக்கு 200 மில்லி. இரண்டு கிலோக் குட்டி என்றால் முதல் வேளை 100 மில்லி, நாள் முழுக்க 400 மில்லி. மூன்றாவது குட்டி பலவீனமாகப் பின்தங்கும். அதற்குக் கறந்து ஊட்ட வேண்டும், அல்லது அதே நாளில் ஒற்றை ஈன்ற தாயிடம் அதன் ஈற்றுநீரைத் தடவி ஏற்கவைக்க வேண்டும். நாள் கடந்தால் தாய் ஏற்காது.

தொழுவம்

பிபி கிடாவே எடுக்கிறேன். ஆனால் அந்த இனம் உடம்பில் சிறியது. என் மந்தையின் உருவம் குறையாமல் திரிபை மட்டும் கொண்டுவர வழி உண்டா?

பதில் 5: இனவிருத்தி

உண்டு, ஆனால் நான்கு தலைமுறை ஆகும். பிபி கிடா × உங்கள் பெட்டைகள்: எல்லாம் பி+, பாதி உங்கள் இனம். அதில் வளர்ச்சி நன்றாக உள்ள பி+ கிடாக்களை மீண்டும் உங்கள் ++ பெட்டைகளுக்கு: 75%, பாதி பி+. இங்கிருந்து சோதனை தேவை. இன்னொரு முறை: 87.5%. பிறகு உறவில்லாத பி+ கிடாவையும் பி+ பெட்டையையும் சேர்த்தால் நான்கில் ஒன்று பிபி. ஒரு பிபி கிடாவாவது கிடைக்க 95% உறுதி வேண்டுமென்றால் 11 கிடாக் குட்டிகள் பிறக்க வேண்டும். உறவுச் சேர்க்கையைத் தவிர்க்க மூன்று பிபி கிடா வேண்டுமென்றால் ஏறத்தாழ 23.

ஒவ்வொரு படியிலும் பி+ கிடாக்களில் எடையில் முதலிடத்தில் இருப்பதையே எடுங்கள். காரணம் இருக்கிறது: திரிபைத் தேர்ந்தெடுக்கும்போது 6-ஆம் குரோமோசோமில் அதன் இருபுறமும் உள்ள சிறிய இனத்தின் பகுதியும் ஒட்டிக்கொண்டே வரும். மற்ற குரோமோசோம்களில் தலைமுறைக்குப் பாதியாகக் குறைவதுபோல் அது குறையாது. பி+ குட்டிகளுக்குள் எடை பார்த்துத் தேர்ந்தால் அந்தப் பகுதி முறிந்து சுருங்கிய கிடாக்கள் மேலே வர வாய்ப்பு கூடும்.

60 பெட்டையில் தனியாக இதைச் செய்வது கடினம். ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வெவ்வேறு கிடாக்களின் வழி தேவைப்படும். அதே இனம் வளர்க்கும் இரண்டு மூன்று மந்தைகள் கிடாக்களை மாற்றிக்கொண்டால் நடக்கும். கிடா கைமாறும்போது காது எண், தாய் தகப்பன் எண், சோதனை விடை, எந்த மாதிரியிலிருந்து எடுத்தது ஆகிய நான்கும் எழுத்தில் கூடவே போக வேண்டும்.

பதில் 6: மரபுக்கூடம்

ஒரு சேர்க்கை மட்டும். காதுத் துண்டை எடுத்ததும் உலர்ந்த குழாயில் போட்டு வெயிலில் வைக்காதீர்கள். ஈரம் தங்கினால் டிஎன்ஏ சிதைந்துவிடும். தூய ஆல்கஹாலில் மூழ்கும்படி போட்டால் வாரக்கணக்கில் கெடாது. ஆட்டுக்கு ஆடு துளைப்பானைத் துடைத்து, ஆல்கஹாலில் நனைத்து, உலரவிட்ட பிறகே அடுத்த காதுக்குப் போங்கள். பிபி கிடாவின் காதைக் கடைசியாகத் துளையுங்கள்.